லைனில் ஒரு ஸ்டூல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சோதனைப் பிரிவில் ஆளுக்கொரு ஸ்டூல் இருந்தது.
2. புது லைன் போட்டார்கள். ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள்.
3. எனக்கு ஒன்று வேண்டும் என்று வாயால் கேட்டேன். எழுதிக் கொடு என்றார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை.
4. தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் ஸ்டூல்கள் திரும்பி வந்தன.
5. ஆய்வாளர் உள்ளே நுழைந்தபோது லைனில் இருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள்.
6. மறுநாள் காலை ஒரே ஒரு ஸ்டூல் மட்டும் இருந்தது. அது என்னுடையது என்றார்கள்.

இப்படி எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பாலிடெக்னிக்கில் எங்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பழுது என்ன என்று யோசிப்பதற்கு முன்னால், என்னவெல்லாம் நடந்தது என்று வரிசையாக எழுது, பழுது தானே தெரியும் என்பார்கள். கம்பெனியில் நாங்கள் செய்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு இது சரியாக வரும். இந்த ஆறு வரிகளை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வரியும் சரி. பழுது எந்த வரியில் என்றுதான் பிடிபடவில்லை.

என் காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேச்சு வரும் முன்பே இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் மெலிந்து போனது. இடுப்புக்குக் கீழே அந்தக் காலுக்குத் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் பலம் இல்லை. அதனால் காலிபர் போட்டிருக்கிறேன். காலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் கெண்டையிலும் தோல் பட்டை, கீழே உயரம் கூட்டிய பூட்ஸ். பெங்களூரில் அளவெடுத்துச் செய்தது. முட்டிக்கு இரண்டு பக்கமும் கம்பியில் ஓர் இணைப்பு இருக்கும், அதன்மேல் நகர்கிற வளையம் இருக்கும். காலை நேராக நீட்டினால் வளையம் தானாகக் கீழே இறங்கி இணைப்பைப் பூட்டிக்கொள்ளும். அப்போதுதான் நிற்கலாம். உட்கார வேண்டுமானால் இரண்டு வளையங்களையும் விரலால் மேலே தூக்கிவிட வேண்டும்.

ஆக, என்னால் நிற்க முடியும். பூட்டிய காலிபரோடு நிற்கலாம். ஆனால் எடை முழுவதும் வலது காலுக்கும் இடுப்புக்கும் போகும். காலை டீ வரைக்கும் ஒன்றும் தெரியாது. சாப்பாட்டு மணி அடிக்கும்போது தொடைப் பட்டை அறுக்க ஆரம்பித்திருக்கும். மாலையில் அந்த இடம் தோல் உரிந்து, மறுநாள் பட்டையை அதன்மேலேயே இறுக்க வேண்டியிருக்கும். கம்பெனி இருக்கும் ஓசூரில் மார்கழி, தை மாதங்களில் காலை நேரத்தில் இந்த இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் குளிரில் புண் மரத்துப் போவது ஒரு வசதி.

"நிற்க முடியுமா?" என்று யாராவது கேட்டால் முடியும் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் சரியான பதில் சொல்ல முடியும். அப்படி யாரும் கேட்டதில்லை.

வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோதும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் என் அப்பாவும் கூட வந்தார். கல்லறுக்கவும் களையெடுக்கவும் போய் வந்த கூலிக்காரர். கம்பெனி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டு அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"முடியுமான்னு கேட்டாங்கன்னா முடியும்னு சொல்லு பாப்பா. மத்தத அப்புறமா பாத்துக்கலாம்."

உள்ளே அவர்கள் கேட்டது ட்ரான்சிஸ்டரைப் பற்றி. சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, ட்ரெய்னி, சோதனைப் பிரிவு. பயிற்சிக் காலம் முடிந்ததும் வேலை நிரந்தரமாகும். நிரந்தரம் ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் ஊரில் டிப்ளமோ படித்து, காலில் கம்பியும் போட்ட பெண்ணுக்கு ரேடியோ ரிப்பேர் கடையில்கூட இடமில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் கெட்டவர் இல்லை. "கஸ்டமரு வந்து உன்னப் பாத்து பாவப்படுவாங்க கண்ணு, யாவாரம் ஆவாது" என்றார். ஆகவே எனக்கு அந்த நிரந்தரம் வேண்டும். இதில் எழுதியிருக்கும் மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான்.

எங்கள் கம்பெனியில் ஸ்டெபிலைசரும் அதற்குள் போகும் சர்க்யூட் அட்டைகளும் செய்தோம். அட்டையை மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, மீட்டர் வயரின் நுனியிலுள்ள முள்ளை ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் பார்ப்பது என் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை அது. இரும்புக்கால் ஸ்டூல், மேலே பலகை. என்னுடையதில் ஒரு காலில் மஞ்சள் பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கும். கால் வளையங்களைத் தூக்கிவிட்டு மேசைக்கடியில் காலை மடக்கிக்கொண்டால், அந்த ஷிப்ட் முழுவதும் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. கழிவறை ஒன்றுதான் தொல்லை. குந்தி உட்காரும் வகை. காலிபரைக் கழற்றினால் குந்த முடியாது, போட்டிருந்தாலும் குந்த முடியாது. நாற்காலி வகைக் கழிவறை ஆபீஸ் கட்டடத்தில் இருந்தது. விருந்தாளிகளுக்கு என்று பூட்டியே வைத்திருப்பார்கள். நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பிறகுதான் புது லைன் வந்தது. நகரும் பட்டை ஒன்று போட்டு, அதன் இரண்டு பக்கமும் எங்களை நிறுத்தினார்கள். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஸ்டூல்கள் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பொதுவாக நல்ல மனுஷர். அவரிடம் போய் நின்றேன்.

"சார், என் ஸ்டூல் மட்டும் இருக்கட்டுமா?"

"நான் என்னம்மா செய்யதுக்கு? மேல இருக்கவங்க சொல்லிட்டாவ. உக்காந்தா கை வேகம் கொறையுதாம். ஜப்பான்காரன் நின்னுக்கிட்டுதான் செய்யுதானாம்."

பின்னாலிருந்து தளி அக்கா குரல் கொடுத்தாள். "ஜப்பான்காரனுக்கு வூட்டுக்குப் போயி ராகி களி கிண்டற வேல இல்ல சார். அதான் நிக்கறான்."

லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கக் கடிகாரத்தைப் பார்த்தார்.

தளி அக்கா எங்களில் மூத்தவள். ஏற்கெனவே நிரந்தரம் ஆனவள். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தினமும் தளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய நீலக் கோட்டில் எப்போதும் கொத்தமல்லி வாசம் இருக்கும். விடியும் முன்பே தோட்டத்தில் கட்டுக் கட்டி லாரிக்கு ஏற்றிவிட்டு வருகிறவள்.

சூப்பர்வைசர் என்னைப் பர்சனல் ஆபீசரிடம் அனுப்பினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"எழுதிக் குடும்மா. ரெண்டே வரி. என்னால் நின்று வேலை செய்ய இயலாது. ஆகவே ஸ்டூல் தேவைப்படுகிறது. அவ்வளவுதான். நான் மேல அனுப்பிடறேன்."

"ரெண்டாவது வரி மட்டும் எழுதிக் குடுக்கலாமா சார்?"

"காரணம் இல்லாம எப்படிம்மா?"

எனக்கு வேண்டியது இரண்டாவது வரி. முதல் வரியில் கையெழுத்துப் போட்டால், நிரந்தரத்துக்கு முன்னால் வருகிற மருத்துவப் பரிசோதனையில் அந்தத் தாள் என் பெயரோடு மேசையில் இருக்கும். லைனில் நிற்கிற வேலைக்கு, நிற்க முடியாது என்று நானே எழுதிக் கொடுத்ததாக இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அன்று கேன்டீனில்தான் எனக்குப் பரீட்சைக்குப் படித்த ஒரு பட்டியல் நினைவுக்கு வந்தது. டிப்ளமோ கடைசிப் பருவத்தில் தொழிற்சாலைச் சட்டம் ஒரு பாடம். தொழிலாளர் நலனுக்காகத் தொழிற்சாலையில் செய்து தர வேண்டிய வசதிகள் யாவை என்று பரீட்சையில் கேட்பார்கள். வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். கழுவும் வசதி, துணி வைக்க இடம், உட்கார வசதி, முதலுதவி, உணவகம், ஓய்வறை, குழந்தைகள் அறை. மூன்றாவதை முன்பு யோசித்ததே இல்லை. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது ஓய்வெடுக்க உட்கார இடம் வேண்டும். காலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஊனமுற்றவர் என்ற சொல்லும் இல்லை. எல்லோருக்கும் என்றுதான் இருக்கிறது. நாடு விடுதலை அடைந்ததும் எழுதிய சட்டம்.

தளி அக்காவிடம் சொன்னேன். சாம்பாரில் நனைத்த இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அது உனக்குன்னு இல்ல? எனக்கும் சேத்தா?"

"எல்லாருக்கும்தான் அக்கா."

"எனக்கு என்னாத்துக்கு? நான் தோட்டத்துல குனிஞ்சே வளந்தவ. நிக்கறது எனக்கு ரெஸ்டு." இட்லியை வாயில் போட்டாள். மென்று முடித்துவிட்டு, மேசைக்கடியில் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். நரம்புகள் பச்சையாக முடிச்சு முடிச்சாக எழும்பி இருந்தன. "லைன் வந்ததுல இருந்து இப்படி. ராத்திரியில சுருட்டி இழுக்குது. யாருகிட்ட போயி சொல்றது?"

பக்கத்தில் என்னோடு ஒரே நாளில் சேர்ந்த சிங்காரப்பேட்டைப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ட்ரெய்னிதான்.

"ராணியம்மாவுக்கு நாற்காலி, எங்களுக்குத் தரையா? உன் கால்ல கம்பி இருக்குது. நீ கேட்டா குடுப்பாங்க. நாங்க கேட்டா கேட்டுக்கு வெளியதான்."

"ஏய், வாய மூடு" என்றாள் தளி அக்கா.

நான் சண்டை போடவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை. நான் கேட்டாலும் கேட்டுக்கு வெளியேதான் என்பது அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து ஆய்வாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. முந்தின நாள் மதியம் கேன்டீன் ஸ்டோரிலிருந்து ஸ்டூல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பினாயில் வாசம் அடித்தது. மஞ்சள் பெயின்ட் வழிந்த என்னுடையதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். பர்சனல் ஆபீசர் வந்து எங்களுக்கு ஒத்திகை நடத்தினார்.

"நாளைக்கு சார் உள்ள வருவாரு. யாரும் எழுந்திருக்கக் கூடாது. உங்க வேலைய நீங்க பாக்கணும். இப்ப நான்தான் ஆய்வாளர். பாருங்க, வர்றேன்."

வாசலுக்குப் போய்த் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். யாரும் எழவில்லை. முகத்தைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினோம். "அவ்வளவுதான். இப்படியே இருக்கணும்" என்றார்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது நானும் தளி அக்காவும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆய்வாளர் யாரையாவது எதையாவது கேட்பார். எப்போதும் உட்கார்ந்துதான் செய்கிறீர்களா என்று கேட்டால், ஸ்டூல் நேற்றுத்தான் வந்தது என்று தளி அக்கா சொல்ல வேண்டும். அவள் நிரந்தரம் ஆனவள். அவளுக்குப் பயமில்லை. என் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. லைனுக்கு ஸ்டூல் என்றுதான் பேச்சு இருக்க வேண்டும்.

"அத நான் பாத்துக்கறேன், விடு" என்றாள். "நேத்து வந்துச்சு, நாளைக்குப் போயிடும்னும் சேத்தே சொல்றேன்."

மறுநாள் ஆய்வாளர் வந்தார். வயதானவர், கம்பளி ஸ்வெட்டர், கையில் மெல்லிய பைல். அவருக்குப் பின்னால் மேனேஜரும் பர்சனல் ஆபீசரும். அவர் கதவைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தார்.

பத்து ஸ்டூல்களும் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. ஒன்று சாய்ந்து விழுந்தது. "வணக்கம் சா...ர்" என்று எல்லோரும் ஒரே ராகத்தில் இழுத்தார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. மத்தூர், சிங்காரப்பேட்டை, தளி, எந்த ஊர் அரசுப் பள்ளியாக இருந்தாலும் இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் வந்தால் இப்படித்தான் எழுவோம், இப்படித்தான் இழுப்போம். பள்ளி இன்ஸ்பெக்டர், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் என்ற வித்தியாசம் மூளைக்குப் போவதற்குள் உடம்பு எழுந்துவிட்டது. ஒத்திகையில் வந்தவர் நாங்கள் தினமும் பார்க்கிற பர்சனல் ஆபீசர். அதனால் உட்கார்ந்திருந்தோம்.

நான் எழவில்லை. எழக் கூடாது என்று இல்லை. என் கையில் மீட்டர் முள், அட்டையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முள்ளை எடுத்து, சுவிட்சை அணைத்து, ஸ்டூலைப் பின்னால் தள்ளி, மேசையைப் பிடித்து, காலைக் கையால் நீட்டி, வளையங்கள் விழும்வரை காத்திருந்து எழ வேண்டும். நான் சுவிட்சை அணைத்தபோது வணக்கம் முடிந்திருந்தது.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. எதுக்கு எழுந்துட்டீங்க?" என்றார் ஆய்வாளர்.

யாரும் உட்காரவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தாரே.

"நின்னு செய்யறதுதான் சார் இவங்களுக்குப் பழக்கம்" என்றார் பர்சனல் ஆபீசர். "ஸ்டூல் போட்டுக் குடுத்தாலும் உக்கார மாட்டேங்கறாங்க."

ஆய்வாளர் லைனைப் பார்த்தார். நிற்கிற பத்துப் பேரையும் காலியான பத்து ஸ்டூல்களையும் பார்த்தார். பர்சனல் ஆபீசர் சொன்னது அவர் கண்ணெதிரில் இருந்தது. நான் தளி அக்காவைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி தலை குனிந்து நின்றாள். ஜப்பான்காரனுக்குப் பதில் சொன்ன வாய் அது.

அவர் என்னிடம் வந்தார். நான் பேச வாயெடுக்கும் முன் அவர் கண் கீழே போய்விட்டது.

"கால்ல என்னம்மா?"

"போலியோ சார். சார், இந்த ஸ்டூல்..."

"எழுந்திருக்காதம்மா, எழுந்திருக்காத. என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோ சார். இந்த ஸ்டூல் எல்லாம் நேத்துதான் சார் வந்துச்சு."

"நேத்தே குடுத்துட்டாங்களா? சந்தோஷம்" என்றார். மேனேஜரிடம் திரும்பினார். "இந்த நிலையிலும் படிச்சு வேலைக்கு வந்திருக்கு பாருங்க. நல்ல காரியம் சார், நீங்க எடுத்தது. மத்தவங்களுக்குத் தேவைப்படல போல. இந்தப் பொண்ணுக்கு ஸ்டூல் எப்பவும் இருக்கட்டும். நான் எழுதிடறேன்."

என் தலையை மெல்லத் தொட்டுவிட்டுப் போனார். உண்மையாகவே மனம் இளகிவிட்டார் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் எனக்கு வழி இல்லாமல் போனது.

அவர் போன பிறகு தளி அக்கா தன் தொடையில் பட்டென்று ஓர் அடி போட்டாள். "நான் எழுந்திருக்கல பாப்பா. இந்தக் கால் எழுந்துடுச்சு. தேவரே, கடவுளே, தானா எழுந்துடுச்சு."

மறுநாள் பத்து ஸ்டூல்கள் இல்லை. மஞ்சள் பெயின்ட் வழிந்தது மட்டும் என் இடத்தில் இருந்தது. அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் பட்டையால் ஒரு சதுரம் வரைந்திருந்தார்கள். தீயணைப்பு வாளிக்கும் குப்பைத் தொட்டிக்கும் வரைகிற அதே சதுரம்.

பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். "நீ எழுதிக் குடுக்கலைன்னாலும் பரவால்லம்மா. ஆய்வாளரே எழுதிட்டாரு. இனிமே மெடிக்கல் மட்டும் முறைப்படி முடிச்சுடலாம்."

நிற்க இயலாது என்ற அந்த முதல் வரியை எனக்குப் பதில் ஆய்வாளர் எழுதிவிட்டார்.

கம்பெனி டாக்டர் என்னை நிற்கச் சொன்னார். நின்றேன். நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"நல்லாத்தான நிக்கற?"

"நிப்பேன் சார். எட்டு மணி நேரம் விடாம நிக்கறதுதான் கஷ்டம். நடுவுல உக்கார விட்டா எந்த வேலையும் செய்வேன்."

அவர் தலையாட்டினார். எழுதினார். "உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் தகுதி." தவறாக எழுதினார் என்று சொல்ல முடியாது. ஆனால் லைனில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று ஒன்று இல்லை. ஸ்டூல்களோடு அதையும் எடுத்துவிட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராக நிரந்தர ஆணை வந்தது. என்னுடையதைப் பற்றிக் கேட்டால், "பார்த்துக்கிட்டு இருக்கோம்மா" என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஊனமுற்றோருக்கு டெல்லியில் புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று கேன்டீன் பேப்பரில் படித்தேன். சம உரிமை, வேலை, கட்டடங்களில் சாய்தளம் என்று பெரிய பெரிய சொற்கள். ஒரு நாள் லீவு போட்டுத் தருமபுரிக்குப் போய், ஊனமுற்றோர் நலனைக் கவனிக்கிற அதிகாரியிடம் விசாரித்தேன். அவர் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"சர்க்கார் வேலையில நூத்துக்கு மூணு இடம் ஒதுக்கணும்னு இருக்கும்மா. நீ இருக்கறது தனியார். அவங்கள எடுத்துக்கச் சொல்லி ஊக்கப்படுத்தலாம்னு இருக்கே தவிர, கட்டாயம் இல்ல."

"நான் ஏற்கெனவே அங்க வேலை செய்யறேன் சார். உக்கார இடம் மட்டும்தான் கேக்கறேன். எல்லாருக்கும்."

"அது இந்தச் சட்டத்துல வராது. அதுக்குத் தொழிற்சாலை ஆய்வாளர்கிட்ட போகணும்."

அவர்மேல் தப்பில்லை. உள்ளதைச் சொன்னார். எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைக்கச் சொன்னார். பஸ் பாஸுக்கு அங்கேயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒன்று மட்டும் தெளிவானது. எல்லோருக்குமான சட்டத்தைக் காட்டினால் என் காலைப் பார்க்கிறார்கள். காலுக்கான சட்டத்தைக் காட்டினால் கம்பெனி கேட்டோடு அது நின்றுவிடுகிறது.

அந்த மஞ்சள் சதுரத்துக்குள் இருந்த ஸ்டூலில் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டாக்டர் எழுதியது சரி என்று ஆகும். தூணுக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கி, இடுப்பைத் தூணில் சாய்த்துக்கொண்டு நின்றேன். தொடைப் பட்டை அறுத்த இடத்தில் பழைய பனியன் துணியை மடித்து வைத்துக் கட்டினேன். சூப்பர்வைசர் கடந்து போகும்போதெல்லாம் ஸ்டூலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

ஒரு நாள் மதியம் நகரும் பட்டையில் ஏதோ சிக்கி லைன் நின்றது. தளி அக்கா தன் இடத்தை விட்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக மஞ்சள் சதுரத்துக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யம்மா, எந்திங்க. அது அவங்களுக்குள்ளது."

"எங்க சார் எழுதியிருக்குது? ஸ்டூல்ல பேரு போட்டிருக்குதா?"

"ஆய்வாளர் சொல்லிட்டுப் போயிருக்காவ."

"அவர வரச் சொல்லுங்க. இந்த வாட்டி நான் எழுந்திருக்க மாட்டேன்."

லைன் மறுபடி ஓடும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வேறொருத்தி உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. பட்டை நிற்கும்போது, அட்டை வரத் தாமதமாகும்போது, கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்கு. முறை என்று யாரும் வைக்கவில்லை, ஆனால் முறை வந்துவிட்டது. என் முறையில் நானும் வளையங்களைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். பலரில் ஒருத்தியாக உட்காரும்போது அது எதற்கும் சாட்சி இல்லை. சிங்காரப்பேட்டைப் பெண் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. நிரந்தர ஆணை அவள் கைக்கு வந்த அன்று மதியம் வந்து உட்கார்ந்தாள். "ராணி மாதிரிதான் இருக்குது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள்.

தளி அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி டிபன் பாக்ஸின் மேல் தட்டில் மடித்து வைத்தாள்.

ஆய்வாளர் அலுவலகத்துக்கு நான் ஒரு மனு எழுதினேன். லைனில் நின்று வேலை செய்யும் அனைவருக்கும் சட்டப்படி உட்கார வசதி செய்து தரக் கோரி. காலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தளி அக்கா முதலில் கையெழுத்துப் போட்டாள். நடுவில் நான். சிலர் போடவில்லை. போடாதவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். லைனில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் எல்லோரும் மாறி மாறி உட்காருகிறோம். ஆபீஸ் கட்டடத்துக் கழிவறை பூட்டித்தான் இருக்கிறது. மனுவுக்குப் பதில் வரவில்லை. என் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. நிரந்தர ஆணை வரவில்லை, இனி வேலைக்கு வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. நாளைக்குக் காலை ஷிப்ட். நான் போகிறேன்.